முன்கண்ணாடியைப் பிடித்திருப்பது ரப்பரா, பேஸ்ட்டா?

கல்பட்ட கார் முன்கண்ணாடியை நாமே சரிசெய்யலாமா, ஆளிடம் விட வேண்டுமா என்பதற்கு விடை இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி வழியாகப் போகும் நான்குவழிச் சாலையில் கார் ஓட்டுகிறவர்களுக்கு ஜல்லி லாரி பழக்கமான விஷயம். தார்ப்பாய் சரியாக மூடாத லாரியிலிருந்து ஒரு துண்டு ஜல்லி உதிர்ந்து, சாலையில் பட்டுத் துள்ளினால் போதும். கல் ஐந்து கிராம்கூட இருக்காது. ஆனால் அதை நோக்கி நீங்கள் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 45-இல் விழும் அடியைப்போல 90-இல் நான்கு மடங்கு விழும். அந்த அடி முழுவதும் ஊசிமுனை அளவு இடத்தில் இறங்குகிறது.

அப்படியும் கண்ணாடி நொறுங்கி மடியில் கொட்டுவதில்லை. முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளால் ஆனது. நடுவில் முக்கால் மில்லிமீட்டர் அளவில் பாலிவினைல் பியூட்டிரால் என்னும் பிளாஸ்டிக் படலம் ஒட்டப்பட்டிருக்கிறது. இந்த யோசனைக்கு வழி காட்டியவர் எட்வார்ட் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். 1903-இல் அவருடைய ஆய்வகத்தில் கீழே விழுந்த ஒரு குடுவை விரிசல்விட்டதே தவிர, சிதறவில்லை. உள்ளே காய்ந்து படிந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலம் துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1909-இல் காப்புரிமை பெற்றார். இன்று இந்தியாவில் காரின் முன்பக்கத்துக்கு இத்தகைய அடுக்குக் கண்ணாடிதான் போட வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி.

கல்பட்ட தழும்பு ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கி, ஓட்டுநரின் நேர்ப்பார்வையிலும் கண்ணாடியின் ஓரத்திலும் இல்லாமல் இருந்தால், கண்ணாடியை மாற்றவே தேவையில்லை. ரெசின் என்ற பிசினைச் செலுத்தி, புற ஊதா ஒளியில் இறுகவைத்துவிடலாம். கை நிதானம் உள்ளவர் இதற்கான கிட் வாங்கி வீட்டிலேயே செய்துகொள்ளலாம். தள்ளிப்போடக் கூடாது, அவ்வளவுதான். விரிசலின் நுனியில் விசை குவிகிறது. விரிசல் நீள நீள, அதை மேலும் கிழிக்கத் தேவைப்படும் விசை குறைகிறது என்பதை 1921-இல் கிரிஃபித் என்ற பொறியாளர் கணக்கிட்டுக் காட்டினார். சித்திரை வெயிலில் நின்ற காருக்குள் ஏறியதும் ஏசியை முழு வேகத்தில் வைத்து, குளிர்காற்றைக் கண்ணாடி பக்கம் திருப்புகிறோம். வெளித்தகடு விரிந்திருக்க, உள்தகடு சுருங்குகிறது. காலையில் தழும்பாக இருந்தது மாலைக்குள் முழங்கை நீளத்துக்கு ஓடுவது இப்படித்தான். விரிசலுக்குள் ஈரம் போனாலும் கண்ணாடியின் பிணைப்புகள் வேகமாக அறுபடும். ரிப்பேர் செய்யும்வரை மேலே ஒரு செலோடேப் ஒட்டிவையுங்கள். தண்ணீரும் புழுதியும் உள்ளே போகாது.

மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை வந்துவிட்டால், முதலில் பார்க்க வேண்டியது கண்ணாடியின் ஓரத்தை. லாரிப் பட்டறைகளில் முன்கண்ணாடி மாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடியைச் சுற்றி ரப்பர் பீடிங்கைப் பொருத்தி, அதன் பள்ளத்தில் ஒரு கயிற்றை ஓடவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவுவார்கள். ஒருவர் வெளியிலிருந்து அழுத்த, மற்றவர் உள்ளே இருந்து கயிற்றை இழுக்க, ரப்பரின் உதடு புரண்டு தகரத்தைக் கவ்விக்கொள்ளும். பழைய அம்பாசடரும் ஜீப்பும் இந்த வகைதான். உங்கள் வண்டி அப்படியென்றால் தாராளமாக நீங்களே மாட்டலாம். துணைக்கு ஓர் ஆள் போதும். சரியாக உட்காராவிட்டால் கழற்றித் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

இன்றைய கார்களில் அந்தக் கயிறும் இல்லை, ரப்பரின் பிடியும் இல்லை. கண்ணாடி பாலியூரித்தேன் பேஸ்ட்டால் உடலோடு ஒட்டப்பட்டிருக்கிறது. மூடியில்லாத அட்டைப்பெட்டியை இரு கையாலும் முறுக்கிப் பாருங்கள், வளைந்து கொடுக்கும். மூடியை ஒட்டியபின் முறுக்கினால் அசையாது. ஒட்டிய முன்கண்ணாடியும் அப்படித்தான் காரின் கூட்டுக்கு விறைப்பைக் கொடுக்கிறது. கார் உருண்டால் கூரை நசுங்காமல் தாங்குவதில் அதற்கும் பங்கு உண்டு. பக்கத்து இருக்கைக்கான ஏர்பேக் பல கார்களில் மேல்நோக்கித் திறந்து, கண்ணாடியில் முட்டி, அந்த முட்டலின் பலத்தில்தான் பயணியின் பக்கம் திரும்புகிறது. ஒரு நொடியின் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில் அது விரிந்து முடியும். பேஸ்ட் சரியாகப் பிடிக்காத கண்ணாடி அந்த உதையில் வெளியே பறந்துவிடும், ஏர்பேக்கும் கூடவே போய்விடும். இந்தியாவில் 2021 ஏப்ரல் முதல் புதிய மாடல்களுக்கு அந்தப் பக்கத்து ஏர்பேக் கட்டாயம். அந்த இருக்கையில் உட்காருவது பெரும்பாலும் நம் வீட்டு ஆட்கள்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பேஸ்ட் எப்படி இறுகுகிறது என்று தெரிந்தால் வேலை எங்கே கெடும் என்பதும் தெரியும். அது ஃபெவிகால்போல் நீர் வற்றி இறுகுவதல்ல. அதன் மூலக்கூறுகளின் முனைகளில் ஐசோசயனேட் தொகுதிகள் இருக்கின்றன. காற்றிலுள்ள ஈரத்தோடு அவை வினைபுரிந்து, கொஞ்சம் கார்பன் டைஆக்சைடை விட்டுவிட்டு, ஒன்றோடொன்று வலைபோல் பின்னிக்கொள்கின்றன. ஈரம் வெளியிலிருந்து உள்ளே நுழைய வேண்டியிருப்பதால், பேஸ்ட் வெளியிலிருந்து உள்நோக்கியே இறுகும். ஒரு நாளைக்குச் சில மில்லிமீட்டர்தான். வெளியே தொட்டால் காய்ந்திருக்கும், உள்ளே பச்சையாகவே இருக்கும். அதனால்தான் ஒவ்வொரு பேஸ்ட்டுக்கும் வண்டியை எடுக்கும்முன் காத்திருக்க வேண்டிய நேரத்தைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். நம் ஊர் அக்னி நட்சத்திரப் பகலில் சூடு உண்டு, காற்றில் ஈரம் குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் உண்டு, மழைத்துளி ஒட்டும் முகப்பில் விழுந்தால் பிடிப்பே போய்விடும். பேஸ்ட்டை வைத்தபின் மேலே தோல் கட்டுமுன் கண்ணாடியைச் சரியான இடத்தில் இறக்கியாக வேண்டும். அதற்கு ஒரே வாய்ப்புதான்.

ஆனி, ஆடியில் இன்னொரு சிக்கல். பணகுடி, காவல்கிணறு, ராதாபுரம் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் காற்று மணிக்கு 36 கிலோமீட்டரில் வீசினாலே ஒரு சதுர மீட்டருக்கு ஆறு கிலோ எடையளவு தள்ளும். பத்துப் பதினைந்து கிலோ கண்ணாடியை இரண்டு பேர் தூக்கிப்பிடித்து மில்லிமீட்டர் கணக்கில் இறக்கும்போது அந்தத் தள்ளல் என்ன செய்யும் என்று யோசியுங்கள். அதோடு வரும் செம்மண் தூசி பேஸ்ட்டில் படிந்தால் பேஸ்ட் தூசியைப் பிடிக்கும், கண்ணாடியைப் பிடிக்காது. வீட்டு வாசலிலோ வேப்பமரத்தடியிலோ செய்யக்கூடிய வேலையல்ல இது.

பழைய கண்ணாடியை அறுத்தெடுப்பதும் லேசில்லை. முறுக்குக் கம்பியால் பேஸ்ட்டை அறுக்கும்போது தகரத்தின் பெயிண்டில் கீறல் விழும். அதில் பிரைமர் தடவாமல் விட்டால், உவரி, கூத்தங்குழி பக்கத்து உப்புக்காற்றில் சீக்கிரமே துரு பூக்கும். துருவின்மேல் எந்தப் பேஸ்ட்டும் நிற்காது. பழைய பேஸ்ட்டை ஒரேயடியாகச் சுரண்டவும் கூடாது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டால் புதியது அதன்மேல் நன்றாகப் பிடிக்கும்.

ஆகவே பேஸ்ட் போட்ட காருக்குத் தொழில் தெரிந்த ஆள்தான் வேண்டும் என்பது என் முடிவு. யார் வேண்டுமானாலும் போதாது. "அண்ணாச்சி, சிலிக்கான் போட்டா ஒரு சொட்டுத் தண்ணி இறங்காது, பாத்துக்கிடுங்க" என்று சொல்கிற கடையிலிருந்து வண்டியை எடுத்துவிடுங்கள். அவர் சொல்வது உண்மைதான், தண்ணீர் இறங்காது. ஆனால் சிலிக்கானுக்கு மோதலில் கண்ணாடியைத் தாங்கும் வலு கிடையாது. அதன் பிசுக்கு தங்கிய இடத்தில் பிறகு பாலியூரித்தேனும் ஒட்டாது. வேலை நடக்கும்போது வினிகர் வாசனை வந்தால் அது சிலிக்கான்தான், நிறுத்தச் சொல்லுங்கள். என்ன பேஸ்ட், காலாவதித் தேதி என்ன, எத்தனை மணி நேரம் கழித்து வண்டியை எடுக்கலாம் என்று கேளுங்கள். ஓரத்துக் கறுப்புப் பட்டையில் பிரைமர் தடவுகிறாரா என்று பக்கத்தில் நின்றே பாருங்கள். பேஸ்ட்டை வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து காப்பது அந்தப் பட்டைதான். புதிய கண்ணாடியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். முதல் நாள் கதவை அறைந்து சாத்தாதீர்கள். உள்ளே அடைபடும் காற்று பச்சைப் பேஸ்ட்டைத் தள்ளிவிடும். ஒரு ஜன்னலைச் சற்று இறக்கியே வையுங்கள். பின்னால் வரும் வண்டியைப் பார்க்கும் உள்கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள கார் என்றால், அதைத் திரும்ப அளவமைக்கும் கருவி இருக்கும் சர்வீஸ் சென்டருக்கே போவது நல்லது.

செலவைப் பொறுத்தவரை, முழுக் காப்பீடு இருந்தால் கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள். 1500 சிசி வரையிலான காருக்கு 1000 ரூபாய், அதற்கு மேல் 2000 ரூபாய் கட்டாயமாக உங்கள் பங்கு. கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கான தள்ளுபடி போய்விடுமா என்பதை பாலிசியில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கிளெய்ம் போடுவதென்றால், உடைந்த கண்ணாடி வண்டியில் இருக்கும்போதே நம்பர் பிளேட்டும் தெரியும்படி போட்டோ எடுத்து நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் சரியென்றபிறகே கழற்றச் சொல்லுங்கள்.