லேசர் மாதிரியைத் தொடுவதே இல்லை

உறைய வைத்த மாதிரியை எலக்ட்ரான் கற்றையால் படமெடுக்கும் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குப் புரத மாதிரி கொண்டுவரும் ஆய்வு மாணவர்கள் இப்போதெல்லாம் கேட்பது இது: "லேசர் வைத்தால் கான்ட்ராஸ்ட் கூடுமாமே, மாதிரி எரிந்துபோகாதா?" எரியாது. லேசர் இருப்பது மாதிரியைத் தாண்டி, லென்ஸுக்கு அந்தப் பக்கம்.

பனிப்படலத்துக்குள் உறைந்திருக்கும் புரதம் எலக்ட்ரான்களை விழுங்குவதில்லை. கடந்துபோகும் எலக்ட்ரான் அலையின் கட்டத்தை, அதாவது அலையின் ஏற்ற இறக்கம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை, கொஞ்சம் மாற்றுகிறது, அவ்வளவுதான். கட்ட மாற்றம் கேமராவுக்குத் தெரியாது. அதனால் வேண்டுமென்றே ஃபோகஸைச் சற்று விலக்கிப் படமெடுக்கிறோம். புரதம் கண்ணில் படும், ஆனால் அதன் ஒட்டுமொத்த வடிவம் மங்கலாகத்தான் வரும். எலக்ட்ரான்களைக் கூட்டலாம் என்றால் புரதம் சிதைந்துவிடும்.

ஒளி நுண்ணோக்கியில் இதே சிக்கலைத் தீர்த்தவர் ஃப்ரிட்ஸ் செர்னிக்கே. மாதிரியில் சிதறாமல் வரும் ஒளியின் கட்டத்தை மட்டும் 90 டிகிரி மாற்றினார்; கட்ட வேறுபாடு வெளிச்ச வேறுபாடாகத் தெரிந்தது. 1953இல் நோபல் கிடைத்தது. எலக்ட்ரானுக்கு அதைச் செய்யக் கார்பன் படலத்தைக் குறுக்கே வைத்துப் பார்த்தார்கள். 64 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடையுள்ள ஹீமோகுளோபின்வரை அதில் பார்க்க முடிந்தது. ஆனால் எலக்ட்ரான் படப்பட அந்தப் படலத்தின் குணம் மாறிக்கொண்டே போகும், போதாததற்குச் சில எலக்ட்ரான்களையும் சிதறடிக்கும்.

அமெரிக்காவின் பெர்க்லியில் ஹோல்கர் முல்லர், ராபர்ட் கிளேசர் குழுவினர் அந்தப் படலத்தையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒளியை வைத்தார்கள். 2019இல் முடிவுகள் வெளிவந்தன. எதிரெதிரே இரண்டு கண்ணாடிகள், நடுவே 1064 நானோமீட்டர் லேசர். ஒளி ஆயிரக்கணக்கான முறை எதிரொளித்து, உள்ளே சுற்றும் திறன் பல பத்து கிலோவாட்டுக்கு ஏறிவிடும். அந்த ஒளியைக் கடக்கும் எலக்ட்ரானின் வேகம் துளியளவு குறைந்து, வெளியே வந்ததும் பழையபடி ஆகிவிடும். கட்ட மாற்றம் மட்டும் மிஞ்சும். ஒளி தேய்வதில்லை, மின்னேற்றம் பிடிப்பதும் இல்லை. எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

சரி, இதனால் எல்லாம் தீர்ந்துவிடுமா? கான்ட்ராஸ்ட் வேறு, நுண்விவரங்களைப் பிரித்துக் காட்டும் பகுதிறன் வேறு. பனி தடிமனாக இருந்தாலோ, புரதம் கட்டிதட்டியிருந்தாலோ, நீர்ப்பரப்பில் ஒட்டிக் குலைந்திருந்தாலோ லேசரால் ஒன்றும் செய்ய முடியாது. தவிர, லேசருக்கு இடம்விடக் கூடுதல் லென்ஸ்களைச் சேர்த்தால் நிறப்பிறழ்ச்சியும் (வெவ்வேறு ஆற்றலுள்ள எலக்ட்ரான்கள் ஒரே இடத்தில் குவியாத குறை) கூடுகிறது. செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் போன்ற பெரியவற்றைப் பார்ப்பவர்கள் இதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இப்போதுள்ள கருவியே போதும். 100 கிலோடால்டனுக்குக் கீழே வேலை செய்பவர்களும் செல்லுக்குள்ளேயே புரதத்தைத் தேடுபவர்களும்தான் இதைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். அவர்களும் முதலில் மாதிரியின் தூய்மையைச் சரிபார்த்துவிட்டு வரட்டும்.