கீயில் பிரெயில் ஒட்டாதீங்க, பேனலைக் கவனிங்க

நோம்பி சீசன் தொடங்கினால் சர்வீஸ் மேசையில் கீபோர்டுகள் குவியும். கோபி, தாராபுரம், பொள்ளாச்சி என்று மெல்லிசைக் குழுக்கள் ஊர் ஊராக அலையும் மாதங்கள் அவை. இந்த முறையும் பார்வையற்ற கலைஞர்கள் வாசிக்கும் கருவிகள் 36 வெள்ளைக் கீயிலும் பிரெயில் ஸ்டிக்கரோடு வந்திருக்கின்றன. நல்ல மனசோடு வாங்கிக் கொடுத்தவர்கள், நல்ல மனசோடு ஒட்டியும் கொடுத்துவிட்டார்கள். வெயிலில் பசை இளகிக் கீகளுக்கு நடுவே இறங்கி, அழுத்திய கீ மேலே வர மாட்டேன் என்கிறது. வாசிப்பவருக்கோ அந்த ஸ்டிக்கரால் காலணா பயன் இல்லை. இதையே திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

கீ வரிசை ஏற்கனவே தொட்டு அறியும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. கருப்புக் கீகள் இரண்டு, மூன்று என்று மாறி மாறி நிற்கின்றன. இரட்டைக் கருப்புக்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கும் வெள்ளை ‘சி’. மூன்று கருப்புக்கு இடப்பக்கம் ‘எஃப்’. விரல் இதைத் தொட்டவுடனே கண்டுபிடித்துவிடும். கண் தெரிந்த நல்ல வாசிப்பாளரும் ஒவ்வொரு கீயாகப் பார்த்து வாசிப்பதில்லை. பிரெயில் படிக்க விரல்நுனி புள்ளிகள் மேல் பக்கவாட்டில் நகர வேண்டும். வாசிக்கும் விரலோ மேலிருந்து இறங்குகிறது. கீ மேல் தடவிப் படிக்கப் போனால் அது அழுந்தி ஒலித்துவிடும். வேகமாகக் கையை இழுத்து வாசித்தால் ஸ்டிக்கர் முனை விரலில் மாட்டும். இன்னொன்று, பார்வையற்றவர் எல்லாருக்கும் பிரெயில் தெரியும் என்ற எண்ணமே தப்பு. நடுவயதில் பார்வை போனவர்கள் பலர் பிரெயில் கற்றதே இல்லை. கற்றவர்களிலும் சிலருக்குத் தமிழ் பிரெயில் வசதி, சிலருக்கு ஆங்கிலம். கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நடு ‘சி’க்கு அடையாளம் வேண்டுமென்றால், 61 கீ கருவியில் இடமிருந்து 25ஆவது கீக்கு நேர் மேலே, பேனல் ஓரத்தில் ஒரே ஒரு மேடு போதும்.

உண்மையான இடைஞ்சல் பேனலில் இருக்கிறது. ஒரே அளவு ரப்பர் பட்டன்கள் வரிசையாக நிற்கின்றன, எது எதுவென்று கைக்குத் தெரியாது. எந்தக் குரல் (பியானோ, வயலின் போன்ற ஒலி), எந்த ஸ்டைல் (கருவி தானாக வாசிக்கும் பின்னணித் தாளம்), டிரான்ஸ்போஸ் (சுருதியை ஏற்றி இறக்கும் அமைப்பு) எவ்வளவு என்பதெல்லாம் சின்னத் திரையில் மட்டும்தான் தெரியும். முடிவே இல்லாமல் சுற்றும் டயல் அதைவிட மோசம். வேகமாகத் திருப்பினால் எண் தாவிவிடும், எங்கே நிற்கிறது என்று சொல்ல ஒன்றுமில்லை. நம்பர் பேட் உள்ள கருவி என்றால் டயலைத் தொடவே வேண்டாம். குரல் எண்ணை மூன்று இலக்கமாக அடித்துவிடலாம்.

அடையாளம் வைக்கும் முறை சொல்கிறேன். மொத்தம் எட்டு, பத்து இடம்தான். எல்லாப் பட்டனிலும் வைத்தால் எதிலுமே வைக்காத மாதிரி. நம்பர் பேடில் 5 மட்டும். டிரான்ஸ்போஸ், மெமரி, ஸ்டார்ட்-ஸ்டாப், ரெஜிஸ்ட்ரேஷன் 1 (பதிந்துவைத்த அமைப்பை அழைக்கும் பட்டன்), மற்றபடி வாசிப்பவர் கேட்பவை. பட்டன் மேல் வைக்காமல் பக்கத்தில் பேனல் மேல் வையுங்கள். ஒரு புள்ளி, இரு புள்ளி, குறுக்குக் கோடு, நெடுக்குக் கோடு என்று வடிவத்தை மாற்றுங்கள். பிரெயில் எழுத்தே வேண்டுமென்று அவர் கேட்டால், ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் சுமார் 6 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். பட்டன் ஓரத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு எழுத்துதான் அடங்கும்.

முதலில் பேனலை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் லேசாக நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு ஒட்டுங்கள். அச்செழுத்து அழிகிறதா என்று ஒரு மூலையில் சோதித்த பிறகு துடையுங்கள். தின்னர், பெட்ரோல் கிட்டவே வரக் கூடாது. கண்ணாடி ஓவியத்துக்கு விற்கும் அவுட்லைனர் டியூபில் புள்ளி வைத்து ஒரு நாள் காயவிட்டால் நன்றாக நிற்கும். இன்ஸ்டன்ட் பசை மட்டும் வேண்டவே வேண்டாம். வெள்ளை பூத்துவிடும், பட்டன் இடுக்கில் ஓடினால் பட்டன் போச்சு.

அடுத்தது டிரான்ஸ்போஸ். பாடகர் “அஞ்சரைக் கட்டை வைங்கண்ணா” என்பார். திரை தெரியாதவர் எங்கிருந்து எண்ணுவது? யமஹா, கேசியோ கருவிகள் பலவற்றில் கூட்டல், கழித்தல் பட்டன்களை ஒன்றாக அழுத்தினால் அந்த அமைப்பு தொடக்க நிலைக்குப் போய்விடும். டிரான்ஸ்போஸுக்குப் போய் முதலில் அதைச் செய்யுங்கள், சுழி வந்துவிடும். பிறகு ஒவ்வோர் அழுத்தலும் அரை சுரம் என்று எண்ணிக்கொண்டு போகலாம். அழுத்திப் பிடிக்காதீர்கள், எண் ஓடிவிடும். கடைசியில் சுருதிப் பெட்டியோடு ஒரு கீ ஒத்துப் பார்த்துவிடுங்கள்.

மேடையில் கைகொடுப்பது ரெஜிஸ்ட்ரேஷன் மெமரி. குரல், ஸ்டைல், வேகம் எல்லாம் வீட்டிலேயே அமைத்து, மெமரியைப் பிடித்துக்கொண்டு எண் பட்டனை அழுத்தினால் பதிவாகிவிடும். கச்சேரியில் ஒரே தட்டு. இதில் இரண்டு பொறி உண்டு. பல மாடல்களில் டிரான்ஸ்போஸும் சேர்ந்தே பதிவாகிறது. பாட்டு நடுவே வேறொரு எண்ணைத் தட்டினால் சுருதியும் குதிக்கும். ஆகவே ஒரு பாட்டுக்கான எல்லாப் பதிவுகளையும் ஒரே டிரான்ஸ்போஸில் செய்யுங்கள். இரண்டாவது, பழைய பதிவின் மேல் புதியது ஏறும்போது கருவி சத்தமே போடாது. பதிந்தவுடன் வேறொன்றுக்குப் போய், திரும்பி வந்து, காதால் சரிபார்க்க வேண்டும். முதல் பேங்கின் (பதிவுத் தொகுதியின்) 1ஆம் எண்ணில் எப்போதும் பியானோ, சுழி டிரான்ஸ்போஸ் வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போய் வந்தாலும் அதைத் தட்டினால் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துவிடும்.

தானாக அணையும் வசதியும் ஒரு தொல்லை. யமஹாவின் சிறிய மாடல்கள் பலவற்றில் 30 நிமிடம் தொடாமல் விட்டால் கருவி அணைந்துவிடும், பதியாத அமைப்பும் போய்விடும். திரை இருண்டதைப் பார்க்க முடியாதவர் அடுத்த பாட்டில்தான் அறிவார். இடது கோடிக் கீயை அழுத்திக்கொண்டே பவர் போட்டால் இது ரத்தாகும். வலது கோடி வெள்ளைக் கீயை அழுத்திக்கொண்டு போட்டால் வேறு கதை, காப்பு அமைப்புகள் அழிந்து ஆரம்ப நிலைக்குப் போகும். இரண்டையும் தெரிந்து வைத்திருங்கள், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

குரல் பட்டியல் இல்லாமல் நம்பர் பேட் இருந்தும் பயனில்லை. மேனுவல் படமாக ஸ்கேன் செய்யப்பட்ட பிடிஎஃப் என்றால் போன் அப்படியே படிக்காது. வரிக்கு ஒரு குரலாக எண்ணும் பெயரும் எளிய எழுத்துக் கோப்பாகத் தட்டிக் கொடுங்கள். தயவுசெய்து டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்து வாங்காதீர்கள். திரையில் உள்ளதைப் பேசிக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருள் அதைப் புரியாத ஆங்கில எழுத்துக் கோவையாகத்தான் படிக்கும். யுனிகோடில்தான் வேண்டும். ஃபங்ஷன் மெனுவில் எத்தனையாவது அழுத்தலில் எந்த அமைப்பு வரும் என்ற வரிசையையும் அதிலேயே எழுதுங்கள்.

கேமராவால் திரையைப் படிக்கும் செயலிகள் வீட்டில் உதவும். ஆனால் எல்சிடி கட்டெழுத்தில் 8-ஐ 6 என்பதுண்டு, மேடை வெளிச்சத்தில் நம்ப முடியாது. மடிக்கணினி வைத்திருப்பவருக்கு இலவச என்விடிஏ திரைவாசிப்பானும், ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருளும், அதைத் திரைவாசிப்பானோடு இணைக்கும் ஒசாரா துணைநிரலும் நல்ல கூட்டு. பேசும் குரல் போக வேண்டிய இடம் ஹெட்போன், இசை போக வேண்டிய இடம் மிக்சர். இந்தப் பிரிப்பை முன்பே செய்யுங்கள். கணினியிலிருந்து மிடி புரோகிராம் சேஞ்ச் (கருவியின் குரலை மாற்றச் சொல்லும் கட்டளை) அனுப்பினால் ஓர் எண் தள்ளிக் குரல் வரலாம். மேனுவல் 1 முதல் 128 என்று எண்ணும், சில மென்பொருள்கள் 0 முதல் 127 என்று எண்ணும்.

வாங்கித் தரும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். விலை அதிகம் என்பதற்காகத் தொடுதிரை கீபோர்டை எடுக்காதீர்கள். கண்ணாடிப் பலகையில் தடவ ஒன்றுமில்லை. கருவி குரல் கொடுத்து வழிகாட்டினாலொழிய அது அவருக்கு மூடிய கதவு. பார்வையற்ற இசைக்கலைஞர் ஸ்டீவி வொண்டர் கேட்டதைக் கண்டுபிடிப்பாளர் ரே கர்ஸ்வைல் காதில் வாங்கியதால்தான் 1984இல் கே250 கீபோர்டு பிறந்தது. வாசிப்பவரிடம் கேட்டால் நல்ல கருவியே வரும். கடைக்கு அவரையே கூட்டிப் போங்கள். கடைக்காரர் துணைக்கு வந்தவரைப் பார்த்துப் பேசாமல் அவரிடமே பேசட்டும். யார் உதவியும் இல்லாமல் அவர் குரல் மாற்றி, டிரான்ஸ்போஸைச் சுழியாக்கி, ஒரு ரெஜிஸ்ட்ரேஷன் பதிந்து பார்க்கட்டும். மூன்றும் முடிந்தால் வாங்குங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 42ஆம் பிரிவு, அன்றாட மின்னணுப் பொருட்கள் எல்லாரும் பயன்படுத்தும் வடிவில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. கடையில் அதையும் சொல்லிக் கேளுங்கள்.

மேடையில் மைக்செட் தம்பிகளுக்கு: உதவுவதாக நினைத்துப் பேனலில் கை வைக்காதீங்க. வைத்தே ஆக வேண்டுமென்றால் “அண்ணா, வால்யூமைக் குறைக்கிறேன்” என்று சொல்லிவிட்டு வையுங்கள். சொல்லாமல் மாற்றிய ஒரு பட்டன் அவரைப் பாட்டு முழுக்கத் தேட வைக்கும்.

சக சர்வீஸ்காரர்களுக்கு: ஃபேக்டரி ரீசெட் போடும் முன் ரெஜிஸ்ட்ரேஷன்களை யுஎஸ்பியில் எடுத்து வையுங்கள். அந்த வசதி இல்லாத மாடல் என்றால், உரிமையாளரிடம் போனில் கேட்டுவிட்டு ரீசெட் செய்யுங்கள். பேனல் மாற்றினால், கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்து, பழைய மேடுகளைப் புதுப் பேனலில் அதே இடத்தில் வைத்துக் கொடுங்கள். அதற்குத் தனிக் கூலி போடாதீர்கள்.