சும்மா கிடந்தே கெடும் செயின்சா

2024 ஜூன் 3ஆம் தேதி தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே இருக்கும் எங்கள் ஊரான டோங்காட்டைச் சுழற்காற்று தாக்கியபோது எங்கள் வீட்டுக் கூரை தப்பித்துக்கொண்டது. வாசல் ஓரம் நின்ற அவகாடோ மரம் தப்பவில்லை. கார் வெளியே போகும் வழியை மறித்துக் குறுக்கே கிடந்தது. ஷெட்டில் பெட்ரோல் செயின்சா (சங்கிலி ரம்பம்) இருந்தது. கயிற்றை இழுத்தேன், சோக்கை மாற்றிவைத்து மறுபடி இழுத்தேன். தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். கடைசியில் பக்கத்து வீட்டு மாமா தன் பேட்டரி செயின்சாவைத் தூக்கிக்கொண்டு வந்து, இருட்டுவதற்குள் வழியைத் திறந்துவிட்டார்.

அடுத்த வாரம் ரிப்பேர் பார்க்கும் தம்பி என் மெஷினின் கார்புரேட்டரைக் கழற்றிக் காட்டினான். ஊசி முனை அளவு ஒரு துளை. அதன் வாயில் உறைந்த தேன்போல மஞ்சள் பிசின்.

"அண்ணா, இதுல பெட்ரோல் எப்ப ஊத்தினது?"

"போன தீபாவளிக்கு முன்னாடி."

"அப்ப மெஷின் மேல தப்பே இல்ல."

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. வருடத்தில் மூன்று நான்கு நாள் மட்டும் மரம் அறுக்கும் நம்மைப் போன்றவர்களின் செயின்சா வேலை செய்து தேய்வதில்லை, சும்மா கிடந்தே கெட்டுப்போகிறது. கடையில் நின்றுகொண்டு "இது எவ்வளவு பெரிய மரத்தை அறுக்கும்?" என்று கேட்கிறோம். அதற்கு முன்னால் "மீதி நாளெல்லாம் இது எப்படிக் கிடக்கும்?" என்று கேட்க வேண்டும்.

பெட்ரோல் என்பது ஒரே திரவம் அல்ல. எளிதில் ஆவியாகும் பகுதிகளும் கனமான பகுதிகளும் கலந்த கலவை. மாதக்கணக்கில் நின்றால் இலேசானவை பறந்துபோகும். என்ஜின் குளிரில் கிளம்புவதற்குத் தேவைப்படுவதே அவைதான். மிஞ்சியது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பிசினாகிறது. சின்ன செயின்சாக்கள் டூ-ஸ்ட்ரோக் என்ஜின் கொண்டவை. எந்தப் பக்கம் சாய்த்துப் பிடித்தாலும் ஓட வேண்டும் என்பதால் என்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி வைக்க முடியாது. ஆகவே எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலக்கிறோம். 50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. ஒருமுறை கலந்ததை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

சரி, அப்படியென்றால் பேட்டரியா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 36 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் 180 வாட்-மணி சக்தி இருக்கிறது. மரத்துக்குள் சங்கிலி ஓடும்போது மோட்டார் சுமார் 1000 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், 10 நிமிடத்துக்குச் சற்று மேல் வரும். கேட்க ரொம்பக் கம்மிதான். ஆனால் இந்த 10 நிமிடமும் பல் மரத்தில் பதிந்து ஓடும் நேரம் மட்டும். கிளையை இழுத்துப் போடும்போதும் வியர்வையைத் துடைக்கும்போதும் மோட்டார் எதையும் செலவழிப்பதில்லை. ஓர் அறுப்புக்கு 10 விநாடி என்றால் ஏறக்குறைய 60 அறுப்பு. காற்றில் சாய்ந்த ஒரு அவகாடோவுக்கு அது தாராளம்.

பெட்ரோலின் பலம் வேறு. கால் லிட்டர் டேங்கில் 2 யூனிட் மின்சாரத்துக்கும் மேலான வெப்பம் அடங்கியிருக்கிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே சங்கிலிக்குப் போய்ச் சேர்ந்தாலும் பேட்டரியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வரும். தீர்ந்தால் ஒரு நிமிடத்தில் மறுபடி நிரப்பலாம். ஸ்டேங்கர் பக்கம் இரண்டு மூன்று ஏக்கரில் ப்ளூகம் (யூகலிப்டஸ்), வாட்டில் (ஒருவகை அகேசியா) மரங்களை வைத்துக்கொண்டு நாள் முழுக்க அறுப்பவர்களிடம் பேட்டரி வாங்கச் சொல்ல மாட்டேன். 35, 40 சிசி பெட்ரோல் மெஷின்தான் அவர்களுக்குச் சரி. வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, என்ஜின் தானே அணையும்வரை ஓடவிட்டால் கார்புரேட்டரும் பிழைத்துக்கொள்ளும்.

வயர் போட்டு ஓட்டும் மெஷின்தான் விலை குறைவு. அதற்கு வயதாவதும் இல்லை. ஆனால் 2000 வாட் என்றால் நம் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர். மெல்லிய 0.75 சதுர மில்லிமீட்டர் வயரை 50 மீட்டர் நீட்டினால் வழியிலேயே 20 வோல்ட் கரைந்துவிடும், வயர் சூடாகும். 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 30 மீட்டருக்கு 6 வோல்ட்தான் போகும். அதையும் உருளையில் சுற்றிவைத்தபடி ஓட்டக்கூடாது, முழுக்க விரித்துப் போட வேண்டும். எல்லாவற்றையும்விட, மரம் விழுந்த அன்று மின்சாரமும் போய்விடுகிறது! லோட்ஷெடிங்குக்காக (மின்வெட்டுக்காக) மாட்டிய சின்ன இன்வெர்ட்டர் 2000 வாட்டைத் தாங்காது. அதே இன்வெர்ட்டரில் பேட்டரி சார்ஜரைச் செருகினால் சிரமமே இல்லாமல் ஓடும். மாமா அன்றைக்கு அதைத்தான் செய்தார்.

என்ஜினோ மோட்டாரோ, மரத்தை அறுப்பது சங்கிலி. அதன் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1946இல் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரத்தொழிலாளி, ஒரு கட்டையைக் குடைந்துகொண்டிருந்த வண்டின் புழுவை உற்றுப் பார்த்தார். அதன் தாடைகள் இடமும் வலமுமாக மாறி மாறிச் சீவின. நார் போகும் திசையைப் பற்றி அது கவலைப்படவே இல்லை. அந்தத் தாடையின் வளைவை இரும்பில் செய்து 1947இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று நம் கையிலிருக்கும் சங்கிலியும் அதன் வம்சம்தான்.

உங்கள் சங்கிலியை ஒருமுறை கண்ணருகே கொண்டுவந்து பாருங்கள் (பேட்டரியைக் கழற்றிவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு). ஒரு பல் இடப்பக்கம் வளைந்திருக்கும், அடுத்தது வலப்பக்கம். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் சின்ன மேடு ஒன்று நிற்கும். அது பல்லின் முனையைவிடச் சுமார் 0.65 மில்லிமீட்டர் தாழ்வு. வங்கி அட்டையின் தடிமனைவிடச் சற்றே குறைவு. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அந்த மேடுதான் தீர்மானிக்கிறது. பல் கூராக இருந்தால் தேங்காய்த் துருவலைவிடப் பெரிய சீவல்கள் பறக்கும். மாவுபோல் தூள் வந்தால் பல் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போது அழுத்தி அறுக்கக் கூடாது, நிறுத்திவிட்டு வட்ட அரத்தை எடுக்க வேண்டும். சின்ன மெஷின்களின் தாழ்ந்த (low profile) 3/8 அங்குலச் சங்கிலிக்குப் பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் அரம்.

நம் கடலோரத்தில் பல் சீக்கிரம் மழுங்க ஒரு காரணம் காலடியிலேயே இருக்கிறது. டர்பனிலிருந்து வடக்கே நீளும் பெரியா (Berea) என்ற செம்மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்ற கனிமம். இரும்புத் துரு பூசியதால்தான் அதற்குச் சிவப்பு. குவார்ட்ஸ் எஃகைவிடக் கடினமானது. தரையில் கிடக்கும் கட்டையை அறுக்கும்போது சங்கிலி ஒரு விநாடி மண்ணைத் தொட்டால் போதும், அரை நாள் கூர்மை போய்விடும். அதனால் கட்டைக்கு அடியில் இன்னொரு கட்டையைக் கொடுங்கள்.

பார், அதாவது சங்கிலி சுற்றி ஓடும் தட்டையான சட்டம், 30 அல்லது 35 சென்டிமீட்டர் நீளம் போதும். வேப்பிலைக்குப் பதிலாக மாரியம்மன் பூசைக்கு நம் பாட்டிமார் பறித்த சிரிங்கா மரம் நம் தோட்டங்களில் தானாகவே முளைக்கிறது. அதன் கிளைகள் காற்றுக்குப் பொசுக்கென்று முறியும். அப்படி முறிந்த கிளைகளை அறுப்பதே நம் வேலையில் பெரும்பகுதி. நீளமான பார் சின்ன மோட்டாரைத் திணறடிக்கும்.

பாரின் நுனிதான் ஆபத்து. அதன் மேல் முனை எதிலாவது முட்டினால் அங்கே பல்லால் சீவ முடியாது, மாட்டிக்கொள்ளும். விநாடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வந்த சங்கிலியின் விசை அப்படியே திரும்பி, முழு மெஷினையும் உங்கள் முகத்தை நோக்கிச் சுழற்றும். கை சுதாரிப்பதற்குள் நடந்து முடிந்துவிடும். முன்பக்கக் கைக்காப்போடு இணைந்த பிரேக் இல்லாத மெஷின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். இரண்டு கையாலும் பிடியுங்கள், ஏணி மேல் நின்று அறுக்கவே அறுக்காதீர்கள். காலுக்கான காப்புத் துணிக்குள் நீண்ட இழைகள் அடுக்கியிருக்கும். சங்கிலி பட்டால் அவை உருவிக்கொண்டு வந்து பற்சக்கரத்தில் சுற்றி அதை நிறுத்தப் பார்க்கும். வகுப்பு 1 என்று போட்ட துணி, சங்கிலி விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும்போது சோதித்தது. மெஷினுக்கு ஆகும் செலவில் இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

நான் கடைசியில் 36 வோல்ட் பேட்டரி மெஷின்தான் வாங்கினேன், பேட்டரி இரண்டு. லித்தியம் பேட்டரியும் சும்மா கிடந்தால் கெடும். முழுச் சார்ஜோடு வெயில் ஏறும் தகர ஷெட்டில் வைத்தால் சீக்கிரம் முதுமையடையும். பாதி சார்ஜில், குளுமையான இடத்தில் வைத்தால் நீண்ட நாள் உழைக்கும். அதனால் மெஷின் ஷெட்டிலும் பேட்டரி வீட்டுக்குள் அலமாரியிலும் இருக்கின்றன. வானிலை எச்சரிக்கை வந்தால் முந்தின இரவே முழுதாக ஏற்றிவிடுவேன். பார் எண்ணெய் மட்டும் எல்லா வகைக்கும் வேண்டும், பேட்டரி மெஷினும் அதற்கு விலக்கில்லை. நின்றிருக்கும்போது அது கொஞ்சம் கசியும், அது பழுதில்லை. கீழே ஓர் அட்டை போட்டுவைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை அட்டையை மாற்றும் சாக்கில் சங்கிலியில் உப்புக்காற்றுத் துரு ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுகிறேன்.