காட்டுக்குப் போகும்போது என்ன உடுத்துவது? ஒரு மருத்துவரின் அனுபவம்

முதுமலைக்குப் போகத் திட்டமிடுகிறவர்கள் எந்த நிறத்தில் உடுத்தினால் விலங்குகள் மிரளாது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மானின் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். நீலத்தை அது நன்கு உணரும். ஆகவே பளிச்சென்ற நீலத்தையும் வெள்ளையையும் தவிர்த்து, காக்கியோ மண் நிறமோ அணிந்தால் போதும். என் கவலை வேறு.

மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில், காட்டுப் பயணம் போய் வந்து பத்து நாள் கழித்து, கடுங்காய்ச்சலோடும் தலைவலியோடும் வருகிறவர்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஓர் இளைஞருக்கு டெங்குப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. இடுப்புப் பட்டைக்குக் கீழே, சிகரெட்டால் சுட்டது போன்ற வலியில்லாத கருநிறப் பொருக்கு ஒன்று இருந்ததைப் பார்த்த பிறகே உண்ணிக் காய்ச்சல் என்று புரிந்தது. அதைப் பரப்புவது கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணியின் இளம்புழு. அவரோ வனத்துறை வாகனத்தை விட்டு இறங்கவே இல்லை. முந்தைய மாலை, விடுதிக்குப் பின்புறப் புல்தரையில் அரைக்கால் சட்டையோடு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். வாகனத்துக்கென்று கவனமாக உடுத்துகிற நாம், தங்குமிடத்தில்தான் அசட்டையாக இருந்துவிடுகிறோம்.

எனவே காட்டோரத்தில் இருக்கும் நாள் முழுவதும் கணுக்கால் வரை நீளும் தளர்வான பருத்திக் காற்சட்டையும் முழுக்கைச் சட்டையும் அணியுங்கள். காற்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். பார்க்க அழகாக இராது, ஆனால் ஊர்ந்து ஏறும் பூச்சிக்கு அதுவே பெரிய தடை. வெளிர் நிறத் துணியில் பெரிய உண்ணி ஊர்வது உடனே கண்ணில் படும் என்பதால், கறுப்பைவிட வெளிர்காக்கியே நல்லது. 1957-இல் கர்நாடகத்தின் சிவமொக்காப் பகுதியில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சலைப் பரப்புவது இந்தப் பெரிய உண்ணிதான். அதன் தொல்லை வறண்ட மாதங்களில் மிகுதி. வால்பாறை போன்ற ஈரக்காடுகளில் நடப்பதானால் அட்டைப்பூச்சி ஏறாமல் தடுக்கும், முழங்கால் வரை வரும் காலுறையும் வேண்டும்.

அதிகாலைத் திறந்த வாகனத்தில் குளிர்காற்று முகத்தில் அறையும். ஒன்பது மணிக்கு வெயில் ஏறிவிடும். தடித்த ஒற்றைக் கம்பளிச் சட்டையைவிட, ஒன்றன்மேல் ஒன்றாகக் கழற்றத்தக்க இரண்டு மெல்லிய உடைகள், குறிப்பாகக் குழந்தைகளுக்கும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், ஏற்றவை. அசையும்போது சரசரக்கும் மழைச்சட்டையையும் வாசனைத் திரவியத்தையும் அறையிலேயே விட்டுவிடுங்கள். யானையின் மோப்பத்துக்கு முன் நிறமெல்லாம் சிறிய விஷயம்.

திரும்பியதும் உடைகளை மெத்தைமேல் போடாமல் நேரே சோப்பு நீரில் துவையுங்கள். குளிக்கும்போது அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, முழங்காலின் பின்புறம் ஆகிய இடங்களைத் தடவிப் பாருங்கள். மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், எங்கே போயிருந்தீர்கள் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். அது உண்ணிக் காய்ச்சலாக இருந்து, தொடக்கத்திலேயே டாக்ஸிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கொடுத்துவிட்டால், பெரும்பாலானோருக்கு இரண்டு நாளில் காய்ச்சல் தணிந்துவிடுகிறது.