சோக் வாங்கும் முன் பேரலை அளந்து பாருங்கள்

போன ஆடி மாதம், ராமேஸ்வரம் பக்கம் உள்ள மண்டபத்திலிருந்து ஒரு தம்பி தன் 12 போர் ஓவர்-அண்டர் ஷாட்கன்னை (பேரல், அதாவது குழல், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு உள்ள துப்பாக்கி) எடுத்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். “அண்ணே, கீழ்ப் பேரல்ல சோக்கு கழல மாட்டேங்குது, கொஞ்சம் பாருங்க” என்றார். சோக் என்பது பேரலின் வாயில் முறுக்கிப் போடும் சிறு டியூப்; தோட்டாவிலிருந்து பறக்கும் ரவை, அதாவது சின்னச் சின்னக் குண்டுகள், எவ்வளவு விரியும் என்பதை அதன் குறுகல்தான் தீர்மானிக்கும். துப்பாக்கியை மடக்கித் திறந்து, தோட்டா போடும் இரண்டு அறையும் காலி என்று பார்த்துவிட்டு, பேரலின் வெளிப்பக்கம் விரலை மெதுவாக நீளவாக்கில் ஓட்டினேன். வாயிலிருந்து இரண்டு அங்குலம் பின்னால் விரல் ஏறி இறங்கியது. கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒரு மேடு. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அந்த இடத்தில் மட்டும் பளபளப்பு ஒரு வளையமாக வளைந்து தெரிந்தது. பேரல் உள்ளிருந்து வீங்கியிருக்கிறது.

வெளியில் வாங்கிய டியூப். மரை ஏறியது, அதனால் பொருந்துகிறது என்று நினைத்துவிட்டார். இந்த ஒரு தவறைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். உரிமம் பெற்று துப்பாக்கி பழுது பார்க்கும் தொழிலில் இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஸ்கீட் சுடுகிறவர்கள்; பறக்கவிடும் தட்டுகளைச் சுட்டு உடைக்கும் விளையாட்டு அது. “எந்த சோக்கு போட்டா நல்லா உடையும்?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள். “இது என் பேரலுக்கு உட்காருமா?” என்று கேட்கிறவர் மிகக் குறைவு.

டியூபின் பின்பக்க விளிம்பு, பேரலுக்குள் அதற்கென்று கடைந்திருக்கும் படியில் போய் முட்டி நிற்க வேண்டும். அந்த விளிம்பின் உள்விட்டம் பேரலின் உள்விட்டத்தைவிட ஒரு மயிரிழை பெரிதாக இருக்க வேண்டும். சிறிதாக இருந்தால் விளிம்பு பாதைக்குள் துருத்தி நிற்கும். நொடிக்கு 350 மீட்டருக்கு மேல் வேகத்தில் வரும் ரவை நேராக அதில் மோதும். முதல் நாளே வெடிக்கும் என்றில்லை. ஒவ்வொரு தோட்டாவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக டியூப் விரிந்து, பேரலையும் சேர்த்துத் தள்ளும். அந்தத் தம்பிக்கு நடந்தது அதுதான். இன்னும் சுட்டிருந்தால் பேரல் கிழிந்திருக்கும், பக்கத்தில் நின்றவர் முகம் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கவே மனசு வரவில்லை.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். துப்பாக்கி காலி என்று இரண்டு தடவை உறுதி செய்யுங்கள். பேரலைத் தனியாகக் கழற்றி, டியூபை முழுசாக முறுக்கி, வாய்ப் பக்கம் ஒரு வெள்ளைத் தாளை வெளிச்சத்தில் வைத்து, தோட்டா போடும் பக்கத்திலிருந்து பாருங்கள். டியூப் தொடங்கும் இடத்தில் பளிச்சென்று ஒரு உலோக விளிம்பு உள்ளே எட்டிப் பார்த்தால் அந்த டியூப் உங்களுடையது இல்லை. சந்தேகம் இருந்தாலும் போடாதீர்கள்.

ஒரே கம்பெனிக்குள்ளேயே தலைமுறைக்குத் தலைமுறை மரை மாறும். பெரெட்டாவில் மொபில்சோக் வேறு, ஆப்டிமா வேறு. ப்ரௌனிங்கில் இன்வெக்டர் வேறு, இன்வெக்டர் பிளஸ் வேறு. கம்பெனி பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். பேரலில் பொறித்திருக்கும் சோக் வகையைப் படித்துச் சொல்லி வாங்குங்கள்.

சரி, அளவுக்கு வருவோம். 12 போரின் பெயரளவு உள்விட்டம் 18.5 மில்லிமீட்டர். உண்மையான பேரல்கள் இதற்குக் கொஞ்சம் கீழேயும் மேலேயும் இருக்கும். ஸ்கீட் சோக் என்பது அதிலிருந்து ஏறக்குறைய 5 தவ் குறுகல், அதாவது 0.13 மில்லிமீட்டர். இம்ப்ரூவ்டு சிலிண்டர் 10 தவ், மாடிஃபைடு 20, ஃபுல் 35 முதல் 40. நம் கடைசல்காரர்கள் சொல்லும் அதே தவ்தான், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சின்ன வித்தியாசம் என்பதால்தான் டியூபின் மேல் எழுதியிருப்பதை மட்டும் நம்பக் கூடாது என்கிறேன். வேறொரு உள்விட்டத்தை மனதில் வைத்துச் செய்த ‘ஸ்கீட்’ டியூப், உங்கள் பேரலில் ஒன்றுமே குறுக்காமலும் இருக்கலாம், இரண்டு மடங்கு குறுக்கவும் செய்யலாம். பேரலின் உள்விட்டத்திலிருந்து டியூபின் வாய் விட்டத்தைக் கழித்தால் வருவதுதான் உங்கள் சோக். வெர்னியர் வாயை மட்டும்தான் அளக்கும்; உள்ளே அளக்க போர் கேஜ் வேண்டும்.

ஸ்கீட்டுக்குக் குறுகல் அதிகம் தேவையே இல்லை. சுடுகிறவர் நிற்கும் அரைவட்டத்தின் ஆரம் 19.2 மீட்டர். பெரும்பாலான தட்டுகளை 20 மீட்டர் சுற்றுப்பட்டில் உடைத்துவிட வேண்டும். அந்த தூரத்தில் குறுகலே இல்லாத சிலிண்டர் பேரல் ரவையை ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் அகலத்துக்கு விரிக்கும். ஃபுல் சோக் அதில் பாதிதான் விரிக்கும். தட்டின் போக்கோடு துப்பாக்கியை நகர்த்தும் வீச்சில் ஒரு சாண் தவறினாலும் காப்பாற்றக்கூடிய விரிப்பை, காசு கொடுத்துச் சுருக்கிக்கொள்வானேன்?

ஆனாலும் சுருக்குகிறார்கள். ஒரு தட்டில் பதக்கம் போகிற விளையாட்டு இது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அனந்த்ஜீத் சிங் நருகாவும் மகேஸ்வரி சௌகானும் கலப்பு ஸ்கீட்டில் வெண்கலத்தை 43-44 என்று சீனாவிடம் இழந்தார்கள். அந்த ஒரு தட்டு புது டியூபிலிருந்து வரும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். கச்சான் காற்றில் தட்டு தூக்கிப்போட்டுத் தவறினால்கூட சோக்கைக் குறை சொல்கிறார்கள். வீச்சைப் பாதியில் நிறுத்துவதுதான் பல பேருக்குக் கோளாறு. அதற்கு டியூப் இல்லை, பயிற்சிதான்.

எது நல்லது என்று தெரிய வேண்டுமானால் ரேஞ்சில், அனுமதியோடு, தாளில் சுட்டுப் பாருங்கள். நீங்கள் வழக்கமாகச் சுடும் தோட்டா, அதே 20 மீட்டர், ஒரு டியூபுக்கு ஐந்து தாளாவது. 24 கிராம் தோட்டாவில் 9-ஆம் நம்பர் ரவை கிட்டத்தட்ட 490 இருக்கும். அட்டையில் 11 சென்டிமீட்டர் வட்டம் வெட்டி, தட்டின் அளவு அதுதான், தாள் முழுக்க நகர்த்துங்கள். ரவையே படாத இடைவெளி எங்கே என்று தெரியும். அப்புறம் 11-க்கு இரண்டரை சென்டிமீட்டர் பட்டை ஒன்றும் வெட்டுங்கள். பல நிலைகளில் தட்டு ஓரமாகத்தான் நமக்குத் தெரியும். அந்தப் பட்டைதான் உண்மையான இலக்கு.

கடைசியாக நம் கரையின் விஷயம். கீழக்கரையோ தொண்டியோ பாம்பனோ, உப்புக் காற்று இரும்பை விடாது. காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் அரிப்பைச் சோதிக்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்தக் காற்றுதான் காரணம். வெளியில் விற்கும் டியூப் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ். அது துருப்பிடிக்காது என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம். உப்பு ஈரம் இடையில் போனால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் பேரலின் சாதா எஃகு வழக்கத்தைவிட வேகமாக அரிக்கும். டியூப் பளபளவென்று இருக்கும், மரை போய்விடும். சுட்டு வந்த அன்றே கழற்றுங்கள். மரையை நைலான் பிரஷ்ஷால் துடைத்து, இறுகாமல் காக்கும் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், உறைந்து பிசினாகிறது. ஸ்பாஞ்சு வைத்த பெட்டியிலேயே மாதக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள், ஸ்பாஞ்சு ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஒவ்வொரு ரவுண்டுக்கு முன்னும், துப்பாக்கி திறந்து காலியாக இருக்கும்போது, டியூப் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். டியூப் இல்லாமல் ஒரு தோட்டாகூடச் சுடாதீர்கள்.

தாத்தா காலத்து இரட்டைக்குழலுக்கு மரை வெட்டித் தரச் சொல்லி வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். அந்தப் பேரலின் சுவர் மரை தாங்காது. தெரிந்த கடைசலில் வெட்டிக்கொள்ளவும் கூடாது. துப்பாக்கியைப் பழுது பார்க்கவும் மாற்றவும் 1959 ஆயுதச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும். துப்பாக்கியின் பாகங்களும் அந்தச் சட்டத்தில் ஆயுதம்தான். வெளிநாட்டிலிருந்து கூரியரில் டியூப் வரவழைக்கும் முன் உரிமம் உள்ள வியாபாரியிடமும் ஆட்சியர் அலுவலகத்திலும் கேளுங்கள். காஞ்சிரங்குளம், சித்திரங்குடி சரணாலயங்களுக்கு வரும் பறவைகளை மனதில் வைத்து “தூரம் போற சோக்கு” கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது. 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. அதற்கு மேல், அவை நம் விருந்தாளிகள்.

மண்டபத்துத் தம்பியின் கீழ்ப் பேரலைக் காப்பாற்ற முடியவில்லை. வீக்கத்தைத் தட்டி இறக்கச் சொல்லிக் கேட்டார். உலோகம் ஏற்கெனவே மெலிந்துவிட்டது என்று சொல்லி மறுத்தேன். புதுப் பேரல் முறைப்படி வந்து சேர ஏழு மாதம் ஆயிற்று. வந்த அன்று இரண்டு குழலையும் அளந்தேன்: மேலே 18.42, கீழே 18.44. ஒரு சீட்டில் எழுதி, பெட்டி மூடியின் உள்பக்கம் அவரே ஒட்டிக்கொண்டார்.