தூளாகும் காகிதத்துக்கு என்ன விலை?

மட்டமான மரக்கூழ்த் தாளில் அச்சான பழைய கதை இதழை, அதாவது ‘பல்ப்’ (pulp) இதழை, விற்க வந்தவர் அட்டையைத்தான் முதலில் நீட்டுவார். துப்பாக்கியோடு ஒருவன், பின்னால் ஒரு விண்கலம் அல்லது வேற்றுக்கிரக ஜந்து, எண்பது தொண்ணூறு வருடம் ஆகியும் மங்காத சிவப்பும் மஞ்சளும். வாங்கிப் பழகியவர் அதற்குத் தலையாட்டிவிட்டு இதழைப் பக்கவாட்டில் திருப்புவார். தாள்களின் ஓரம் என்ன நிறம்? உள்ளே போகப் போக வெளுக்கிறதா, நடுப்பக்கம் வரைக்கும் பழுப்பா? ஒரு தாளை மெதுவாகப் புரட்டினால் வளைகிறதா, முறுக்கு மாதிரி சத்தம் போடுகிறதா? மேசைமேல் பழுப்புத் தூள் உதிர்கிறதா? ஒரே மாதம் வந்த ஒரே இதழின் இரண்டு பிரதிகள் பல மடங்கு விலை வித்தியாசத்தில் கைமாறுவது இந்தக் கேள்விகளால்தான். பேரம் கலையைப் பற்றியது போலத் தெரிந்தாலும், பாதிக்கு மேல் வேதியியல்.

இந்த இதழ்கள் நீண்ட நாள் வாழப் பிறந்தவை அல்ல. அமெரிக்காவில் ஃபிராங்க் மன்சி 1896-இல் தன் ‘ஆர்கஸி’ இதழை முழுக்க முழுக்கக் கதைகளாக மாற்றி, கிடைத்ததிலேயே மட்டமான மரக்கூழ்த் தாளில் அச்சடித்தார். விலை 10 சென்ட். வழி பிடித்துப்போய் மற்றவர்களும் வந்தார்கள்: 1920-இல் ‘பிளாக் மாஸ்க்’, 1923-இல் ‘வியர்ட் டேல்ஸ்’, 1926-இல் ‘அமேசிங் ஸ்டோரிஸ்’. பெரும்பாலும் 7 அங்குல அகலம், 10 அங்குல உயரம், உள்ளே நம் ஊரில் சாணித்தாள் என்கிறோமே, அந்த ரகம். ரயிலில் படித்துவிட்டு இருக்கையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். மிஞ்சியவற்றிலும் ஏராளமானவை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், பழைய காகிதம் சேகரித்துக் கொடுங்கள் என்று அரசு கேட்டபோது மறுசுழற்சிக்குப் போயின. இன்று கிடைப்பவை அதற்கும் தப்பியவை.

காகிதத்தின் கதை இன்னும் பின்னால் தொடங்குகிறது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் கிழிந்த பருத்தி, லினன் துணிகளை அடித்துக் கூழாக்கித்தான் தாள் செய்தார்கள். அது ஏறக்குறையச் சுத்தமான செல்லுலோஸ், அதாவது தாவர இழையின் மூலப்பொருள். 1450-களில் அச்சான குட்டன்பர்க் பைபிளின் தாள் இன்றும் வெளுப்பாக, வளையக்கூடியதாக இருப்பது அதனால்தான். படிப்பவர்கள் பெருகியபோது துணி போதவில்லை. 1844-இல் ஜெர்மனியில் ஃபிரீட்ரிக் கெல்லர், மரக்கட்டையை ஈரமான சாணைக்கல்லில் அழுத்தி அரைத்துக் கூழ் எடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார். மரத்தில் இருப்பது எல்லாமே தாளுக்குள் வந்துவிடும். வீணாவது மிகக் குறைவு. மலிவுக்குக் காரணம் அதுதான். கேட்டுக்குக் காரணமும் அதுதான்.

மரத்தில் செல்லுலோஸ் இழைகளை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருள் உண்டு. மரத்தின் எடையில் சுமார் 20 முதல் 30 சதவீதம் வரை அதுதான். நல்ல எழுதுதாள் செய்யும்போது ரசாயனத்தில் வேகவைத்து அதை நீக்கிவிடுவார்கள். அரைத்த கூழில் அப்படியே தங்கிவிடும். வெளிச்சமும் (முக்கியமாகப் புற ஊதாக் கதிர்) காற்றிலுள்ள ஆக்சிஜனும் பட்டதும் லிக்னின் மூலக்கூறுகள் உருமாறி, நீல ஒளியை உறிஞ்சும் புதிய சேர்மங்களாகின்றன. நீலம் போய்விட்டால் நம் கண்ணுக்கு மிஞ்சுவது மஞ்சளும் பழுப்பும். மூடிய இதழில் காற்றும் வெளிச்சமும் முதலில் தொடுவது ஓரத்தை. அதனால்தான் பழுப்பு ஓரத்தில் தொடங்கி உள்நோக்கி நகர்கிறது. அட்டை தப்பித்ததற்குக் காரணம் அது வேறு தாள்: களிமண் பூச்சுக் கொடுத்த, பளபளப்பான, தரமான காகிதம்.

புதிதாகச் சேகரிக்க வருபவர்கள் பெரும்பாலும் குழம்பும் இடம் ஒன்று இருக்கிறது. தாள் பழுப்பாவதும் தாள் நொறுங்குவதும் ஒரே நோய் என்று நினைத்துவிடுகிறார்கள். இரண்டும் வேறு. பழுப்பு, லிக்னின் செய்கிற வேலை. நொறுங்குவது செல்லுலோஸின் கதை. செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி. அமிலம் இருந்தால், ஈரத்திலுள்ள நீர் மூலக்கூறு அந்தச் சங்கிலியின் கண்ணியை உடைத்துவிடும். இதில் அமிலம் வினையூக்கி மட்டுமே, தான் செலவாகாது. ஒரு கண்ணியை உடைத்ததும் அடுத்ததற்குப் போகும். சங்கிலிகள் சில நூறு அலகுகளாகக் குறுகும்போது இழை வலுவிழந்து, மடித்த இடத்தில் தாள் ஒடிந்துவிடுகிறது.

அமிலம் எங்கிருந்து வருகிறது? பல வழிகள். மை ஊறிப் பரவாமல் இருக்க, பிசினும் அலுமினியம் சல்பேட்டும் சேர்க்கும் முறையை ஜெர்மானியரான மோரிட்ஸ் இல்லிக் 1807-இல் வெளியிட்டார். காகித ஆலைகள் அதையே பிடித்துக்கொண்டன. அந்த உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம் தரும். மரக்கூழ் முதுமையடையும்போது தானே அசிட்டிக், ஃபார்மிக் அமிலங்களை வெளியிடும். அந்த அமிலம் சிதைவை வேகப்படுத்தும், சிதைவு மேலும் அமிலம் தரும். நகரக் காற்றிலுள்ள கந்தக டைஆக்சைடும் தன் பங்குக்கு வரும். ஆக, நல்ல பழுப்பாக இருந்தும் துவளத் துவளப் புரளும் இதழும் உண்டு. லிக்னின் நீக்கிய, பார்க்க வெளுப்பான, ஆனால் மூலையை மடித்தால் முறிந்துவிடும் புத்தகமும் உண்டு. என்னைக் கேட்டால், நிறத்துக்காகக் காசைக் கொட்டுவதைவிட வளைவுக்குக் கொடுப்பது புத்திசாலித்தனம்.

சிலர் இதழை முகர்ந்து பார்ப்பார்கள். கிறுக்குத்தனம் என்று தோன்றலாம், ஆனால் அதில் விஷயம் இருக்கிறது. லிக்னின் சிதைந்தால் வனிலா மணம் தரும் வனிலின் வெளிவரும். செல்லுலோஸ் வகைப் பொருள்கள் சிதைந்தால் பாதாம் வாடை கொண்ட ஃபர்ஃப்யூரல். 2009-இல் மத்தியா ஸ்டிர்லிச் குழுவினர் பழைய தாள்கள் வெளிவிடும் ஆவிகளை ஆராய்ந்து, எந்தத் தாள் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைத் தாளைத் தொடாமலேயே கணிக்கலாம் என்று காட்டினார்கள். பூசண வாடை அடித்தால் மட்டும் வேறு எதையும் யோசிக்காமல் கீழே வைத்துவிட வேண்டும். வீட்டிலுள்ள மற்ற இதழ்களுக்கும் தொற்றும்.

பணம் புழங்கும் இடத்தில் ஏமாற்று வராமல் இருக்குமா? பழுப்பேறிய ஓரத்தைச் சீவி எறிந்துவிட்டு ‘நல்ல நிலை’ என்று விற்பார்கள். பல பல்ப் இதழ்களில் அட்டை உள்தாளைவிடச் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்; அந்த நீட்டல் இல்லாமல் அட்டையும் தாளும் கச்சிதமாக ஒன்றாக முடிந்தால் அளவுகோலை எடுக்க வேண்டியதுதான். கிழிந்த அட்டைக்குப் பதில் நகலெடுத்த அட்டையை ஒட்டுவதும் நடக்கும். அதைப் பிடிக்கக் கள்ளநோட்டு பார்க்கக் கடைகளில் வைத்திருக்கும் அதே புற ஊதா விளக்கு போதும். காகிதத்தை வெள்ளையாகக் காட்டும் ஒளிர்பொருள்களை ஆலைகள் பரவலாகச் சேர்க்கத் தொடங்கியது 1950-ஐ ஒட்டித்தான். 1934-ஆம் வருட அட்டை என்று சொல்லப்படுவது விளக்கின் கீழ் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால், அது 1934 பார்த்த காகிதமே அல்ல. பின்னாளில் பூசிய வண்ணமும் ஒட்டிய பசையும் சுற்றிலும் உள்ள இடத்திலிருந்து வேறுபட்டுத் தெரியும்.

விற்பனைப் பட்டியலில் இதழின் நிலையைக் குறிக்கும் சொற்களையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஃபைன், வெரி குட், குட், ஃபேர், புவர் என்று இறங்கும் வரிசையில் ‘குட்’ என்பது கீழிருந்து மூன்றாவது. முழுசாக இருக்கிறது, அடிபட்டிருக்கிறது என்று பொருள்.

மெல்லிய அட்டை போட்ட பேப்பர்பேக் புத்தகங்களுக்கு இன்னொரு தொல்லை, முதுகு. 1935-இல் பிரிட்டனில் ஆலன் லேனின் பெங்குவின், 1939-இல் அமெரிக்காவில் பாக்கெட் புக்ஸ் என்று மலிவுப் பதிப்புகள் பெருகியபோது, தாள்களை நூலால் தைப்பது செலவாகத் தெரிந்தது. மடிப்பை வெட்டியெறிந்து, முனையைச் சொரசொரப்பாக்கி, பசை தடவி அட்டையை ஒட்டும் முறை பரவியது. அந்தக் காலத்து விலங்குப் பசை நாளாக நாளாக ஈரத்தை இழந்து கண்ணாடிபோல் இறுகிவிடும். 1940-களின் புத்தகத்தை மேசையில் அகல விரித்தால் முதுகு படாரென்று பிளப்பது அதனால். போர்வீரர்களுக்காக 1943 முதல் 1947 வரை 12 கோடிக்கு மேல் அச்சான ‘ஆர்ம்டு சர்வீசஸ் எடிஷன்’ புத்தகங்களில் ஸ்டேப்ளர் பின் அடித்தார்கள். அங்கே துரு பிரச்சினை. அட்டைமேல் ஒட்டிய செல்லோஃபேன் படலம் வேறு, ஈரத்துக்கேற்ப அட்டையைப் போல் அல்லாமல் தன் போக்கில் சுருங்கி, ஓரத்தில் உரிந்து வரும். அதை டேப் போட்டு ஒட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை: டேப் உதிர்ந்துபோகும், அதன் பசைக்கறை மட்டும் போகாது.

சரி, என்ன செய்து காப்பாற்றுவது? நிறுத்த முடியாது, தாமதப்படுத்தலாம். வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தால் காகிதத்தின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும், ஈரப்பதத்தைப் பாதியாக்கினாலும் அப்படியே என்பது காப்பகங்களில் புழங்கும் தோராயக் கணக்கு. அமெரிக்காவின் டென்வர் நகரில் எட்கர் சர்ச் என்பவர் 1930-களின் இறுதியிலிருந்து வாங்கி அடுக்கிய ஆயிரக்கணக்கான காமிக்ஸ் இதழ்கள் 1977-இல் வெளியே வந்தபோது, அதே மட்டத் தாள் வியக்கத்தக்க வெண்மையோடு இருந்தது. வறண்ட, குளிர்ந்த மலையோர ஊர், வெளிச்சம் படாத இருட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கியதால் உள்ளே புக இடமில்லாத காற்று. அதே இதழ்கள் சென்னையில் ஒரு மாடி அறையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் இதழ்களையும் மாத நாவல்களையும் சேர்த்து வைத்திருக்கும் தமிழர்களுக்கும் இதே கணக்குதான், கொஞ்சம் கடுமையாக. பரணில் வைக்காதீர்கள், வீட்டிலேயே சூடான இடம் அதுதான். வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம், மழைக்காலத்தில் ஈரம் இறங்கும். ராமபாணப் பூச்சிக்குப் பாச்சா உருண்டை போடுகிறோம், பூச்சி ஓடும். அமிலம் எங்கும் ஓடாது. உறை வாங்கினால் பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன், பி.வி.சி. உறை தானே சிதைந்து அமிலம் கக்கும். பின்னால் தாங்கலுக்கு வைக்கும் அட்டை கால்சியம் கார்பனேட் சேர்த்த அமிலமற்ற அட்டையாக இருந்தால், இதழ் விடும் அமிலத்தைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். சாதாரணப் பழுப்பு அட்டை வைத்தால் அதன் அமிலமும் இதழுக்கே.

அமிலத்தை மொத்தமாக நீக்கவும் வழி உண்டு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1980-களில் டையெத்தில் ஜிங்க் ஆவியைப் புத்தகங்களுக்குள் செலுத்திப் பார்த்தது. காற்றுப் பட்டாலே பற்றியெரியும் பொருள் அது. சோதனைக்கூடத்தில் விபத்தும் நடந்தது, முயற்சி கைவிடப்பட்டது. பிறகு மிக நுண்ணிய மக்னீசியம் ஆக்சைடு துகள்களைத் தாள்களில் படியவைக்கும் முறைக்கு மாறினார்கள். அது இருக்கும் அமிலத்தை நடுநிலையாக்கி, இனி வரப்போவதற்கும் கொஞ்சம் காரத்தை மிச்சம் வைக்கும். ஆனால் அறுந்த சங்கிலி மறுபடி ஒட்டாது. நொறுங்கத் தொடங்கிய இதழுக்கு அது காலம் கடந்த வைத்தியம்.

அப்படிப்பட்ட இதழுக்குச் செய்யக்கூடியது பிரதி எடுப்பதுதான். கோட்டையூரில் ரோஜா முத்தையா ஒருவராகச் சேர்த்த நூல்களும் இதழ்களும் 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாயின. அங்கே அவற்றை நுண்படச்சுருளில் (மைக்ரோஃபிலிம்) பதிந்தார்கள். வீட்டில் நம்மிடம் இருப்பது செல்போன். தட்டையான ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்த வேண்டாம், முதுகு தாங்காது. இதழை 90 டிகிரிக்கு மேல் விரிக்காமல் இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்து, ஃபிளாஷ் இல்லாமல், மேலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்துக்கொள்ளலாம். உதிர்ந்த துண்டுகள் இருந்தால் அந்தந்தப் பக்கத்துக்கு நேராகவே உறைக்குள் போட்டு மூடிவிடுங்கள்.