ஐரனி: முரண்நகையா, வஞ்சப்புகழ்ச்சியா?

வீடியோ கேம் விமர்சனங்களில் 'இந்த கேம் முழுக்க ஐரனி' என்று எழுதுவதைப் பார்க்கலாம். பெரும்பாலும் கேமை உருவாக்கியவர் ஆடுபவரிடம் பேசும் தொனியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். வாய் சொல்வது ஒன்று, மனம் நினைப்பது வேறு. அந்த வேறுபாடு எதிரில் இருப்பவருக்குப் புரியவும் வேண்டும்; புரியக்கூடாது என்று பேசினால் அது வெறும் பொய்.

சொல்லின் மூலம் கிரேக்கம். பழைய கிரேக்க நகைச்சுவை நாடகங்களில் 'எய்ரோன்' என்றொரு பாத்திரம் வரும். எல்லாம் தெரிந்தும் ஒன்றும் தெரியாதவன்போல நடித்து, வாய்ச்சவடால்காரனை மடக்குகிறவன். அந்த நடிப்புக்குப் பெயர் 'எய்ரோனெயா'. லத்தீனில் அது 'இரோனியா' ஆகி, ஆங்கிலத்தில் ஐரனி ஆனது.

அந்தப் பழைய பொருள் இன்றும் உயிரோடு இருப்பதை 2013இல் வந்த 'தி ஸ்டான்லி பாரபிள்' கேமில் கேட்கலாம். துடைப்பம் வைக்கும் சிற்றறைக்குள் நுழைந்தால், இங்கே ஒன்றுமில்லை என்கிறது கதை சொல்லும் குரல். வெளியே வராமல் அங்கேயே நின்றால், ஆடுபவர் செத்துப்போய்விட்டார் போலிருக்கிறது என்று முடிவு கட்டி, அருகில் வேறு யாராவது இருந்தால் வந்து ஆடும்படி கூப்பிடுகிறது. தெரிந்தே தெரியாததுபோல நடிக்கிறது, அசல் எய்ரோன்.

சரி, தமிழில்? 'முரண்நகை' என்ற சொல் நன்றாகவே நிலைபெற்றுவிட்டது. கதாநாயகனுக்குத் தெரியாத ஆபத்து ஆடுபவருக்குத் தெரிந்திருப்பது போன்ற நிலைமைகளுக்கு அது கச்சிதம். ஆனால் ஒருவர் இன்னொருவரின் முகத்துக்கு நேரே பேசும்போது 'வஞ்சப்புகழ்ச்சி'யையும் நினைக்க வேண்டும். புறநானூற்றின் 95ஆம் பாட்டில் ஔவையார் தொண்டைமானிடம் பேசுவதைப் பாருங்கள்: உன் படைக்கருவிகள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி அழகாக இருக்கின்றன, அதியமானுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. உன்னுடையவை போரே பார்க்காதவை என்பதுதான் உட்பொருள். புகழ்வதுபோலப் பழிக்கும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

எல்லாக் கிண்டலும் ஐரனி ஆகாது. 1992இல் வந்த 'வுல்ஃபென்ஸ்டீன் 3டி'யில் ஆகச் சுலபமான நிலையைத் தேர்ந்தால், 'அப்பா, நான் ஆடலாமா?' என்ற வரியோடு நாயகனின் முகம் குழந்தைத் தொப்பியும் வாயில் சூப்பானுமாகத் தெரியும். அதற்கு 'ஏளனம்' போதும்.

இவற்றுக்கு எதிர்முனையில் இருக்கும் தொனியை ஆங்கிலத்தில் சின்சியாரிட்டி என்கிறார்கள். 2018இல் வந்த 'செலஸ்ட்' அதற்கு நல்ல சான்று. எத்தனை முறை செத்தோம் என்ற எண்ணிக்கையைப் பற்றிப் பெருமைப்படுங்கள், சாகச் சாகக் கற்றுக்கொள்கிறீர்கள் என்று அஞ்சலட்டை வடிவில் ஒரு குறிப்பு வருகிறது. அதில் உள்குத்து எதுவும் இல்லை. உதவிப் பயன்முறையில் வேகத்தைக் குறைக்கலாம், சாகாமலேயே ஆடலாம். அதற்காக யாரும் நம்மைச் சீண்டுவதில்லை. முதல் முறை ஆடுகிறவருக்கு இந்தப் பேச்சு எவ்வளவு தெம்பு தரும்!

இதைத் தமிழில் 'சின்சியரான பேச்சு' என்று எழுதினால் பொருள் தடம் மாறிவிடும். நம் பேச்சுவழக்கில் சின்சியர் என்றால் கண்ணும் கருத்துமாக வேலை செய்பவர். 'நேர்மை' நாணயத்தின் பக்கம் சாய்கிறது. 'உளமார்ந்த பேச்சு' என்பதே என் தேர்வு.